பாதிக் கணப்பு

ஐந்தாவது சுவர்த்தாளையும் உரித்தபோது
ஒரு கல் வளைவு எழுந்தது.
எழுந்து, உச்சிக்கு வந்து,
சட்டென்று நின்றுவிட்டது,
பேச வந்தவன் பாதிச் சொல்லில்
நாக்கைக் கடித்துக்கொண்ட மாதிரி.

கோச்சா விரல் மடக்கித் தட்டிப் பார்த்தான்.
"மீதி அந்தப் பக்கம்."

திபிலீசியில் இதைப் புகாரி என்பார்கள்.
எங்களுக்கு முதலில் வந்தது புகார்:
மூன்றாம் மாடி எட்டாம் எண் வீட்டார்
சுத்தியலால் என் தூக்கத்தை உடைக்கிறார்கள்.
இப்படிக்கு, குராம்,
டிராலிபஸ் ஓட்டுநர் (ஓய்வு), ஒன்பதாம் எண்.

ஒரு காலத்தில் இது ஒரே கூடம்.
மாவு வியாபாரி ஒருவன் ஆடக் கட்டியது.
பிறகு ஆட்சி மாறி
தலைக்கு இத்தனை சதுர மீட்டர் என்று
அளவு நாடாவோடு வந்தார்கள்.
நாடா முடிந்த இடத்தில் சுவர் முளைத்தது.
கூரையில் சுண்ணாம்புத் தேவதை ஒன்று;
எங்களுக்கு ஒரு சிறகும் இரண்டு குதிகாலும்.
தலை குராமுக்கு.

மேஸ்திரி ஜும்பேர் உள்ளே தலையை விட்டு
மேலே பார்த்தார்.
கறுத்த மூக்கோடு வெளியே வந்தார்.
"பாதி வாயால் மூச்சிழுக்க முடியாது.
புகை உங்கள் முகத்தில்தான் துப்பும்.
அடியில் நடுச்சுவரைத் திறக்கணும்.
அவரைக் கேளுங்க."

கேட்டோம்.
வால்நட் ஜாம் கொண்டுபோய்க் கேட்டோம்.
ஜாமை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.
சாத்துவதற்குள் பார்த்துவிட்டேன்:
அவர் பக்கத்து வளைவுக்குள் செருப்புகள்.
தரையில் பலகையே இல்லை,
வெறும் சிமென்ட், மேலே கிழிந்த லினோலியம்.
கட்டிலுக்கு அடியில் மட்டும்
ஓக் பலகை மீன்முள் வரிசையில் மின்னியது.

மின்சாரமும் எரிவாயுவும் இல்லாத அந்தக் குளிர்காலங்களில்
இந்த நகரம்
தன் காலடியைப் பெயர்த்து எரித்தது.
எனக்கு அப்போது நான்கு வயது.
தீயில் அரக்கு கொப்பளிக்கும் வாசனை மட்டும் ஞாபகம்.

அக்டோபர் கடைசியில் அவரே வந்தார்.
உட்காரவில்லை.
"மூன்று நிபந்தனை.
புகைக்குழாய் மூடியின் கம்பி என் பக்கம் இருக்கும்.
பதினொன்றுக்கு மேல் விறகு போடக் கூடாது,
சுவரில் மூன்று தட்டுத் தட்டுவேன்."
மூன்றாவதற்கு வாயெடுத்தார்.
தேவதையின் குதிகால்களைப் பார்த்தார்.
"அப்புறம் சொல்கிறேன்."

முதல் நாள் இரண்டு வீட்டிலும் கண்ணெரிச்சல்.
இரண்டாம் நாள் ஜும்பேர் ஒரு செங்கல்லைத் திருப்பி வைத்தார்.
மூன்றாம் நாள் திராட்சைக் கட்டை
பற்றிக்கொண்டு மேலே ஓடியது.

தீக்கு அப்பால்
சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை இரண்டு தெரியும்.
அவருக்கு எங்கள் நான்கு பாதங்கள்.
முழங்காலுக்கு மேல் அறிமுகமில்லாத பழக்கம்.
கோச்சா ஒரு நாள் கட்டைவிரலை ஆட்டினான்.
பதில் இல்லை.
மறுநாள் வலது காலுறை லேசாக ஆடியது.

பதினொன்று. டொக், டொக், டொக்.
சாம்பல் ஆறிய பிறகு, எந்நேரமோ,
கம்பி கிரீச்சிடும்.
தூக்கத்திலேயே புரண்டு படுப்போம்.

பிப்ரவரியில் ஓர் இரவு தட்டு வரவில்லை.
பதினொன்று பத்து.
பதினொன்றே கால்.
காலுறைகளையும் காணோம்.
கோச்சா எழுந்து சட்டை பொத்தானைப் போட ஆரம்பித்தான்,
கதவைத் தட்டப் போகிறவனாக.

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து
ஒரு கை நீண்டது.
ஓக் பலகை, ஒரு முழம் இருக்கும்.
மெதுவாக, கட்டையின் மேல் சாய்த்து வைத்தது.
இன்னொன்று.
இன்னொன்று.
அரக்கு கொப்பளித்தது.
நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்,
நான்கு வயதில் செய்தது போல.

கட்டில் நகர்த்தும் சத்தம் கேட்டது.
யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.
ஒன்றரை வரை எரிந்தது.

காலையில் சாம்பல் அள்ளும்போது
ஏழு ஆணிகள்.
என் பக்கம் நான்கு, அவர் பக்கம் மூன்று.
நான்கையும் ஒரு கிண்ணத்தில் போட்டு
ஒன்பதாம் எண்ணுக்குக் கொண்டுபோனேன்.

வாங்கி எண்ணிப் பார்த்தார்.
"ஜாம் தீர்ந்துவிட்டது" என்றார்.