ராயபுரத்துக்கு இன்னும் பதினொன்று

டில்லிபாபு நாக்பூரிலேயே கழன்றுகொண்டான்.
தன் பேருள்ள ஊரை ஒருமுறை பார்த்தாகிவிட்டது,
இடுப்பும் போய்விட்டது, போதும் என்றான்.
வண்டியைச் சணல் சாக்கில் சுற்றிப் பார்சலில் ஏற்றினான்.
இப்போது அவன் ரயில் கூடூரில் நிற்கிறது.
தண்டவாளத்தில் தண்ணீராம்.
டீ கொடுக்கிறார்களாம்.

நான் கூடூரைத் தாண்டி மூன்று மணி நேரம் ஆகிறது.
சூளூர்ப்பேட்டையிலிருந்தே
கடல் இடப்பக்கம் நின்று தள்ளியது.
கதவைத் தோளால் அழுத்திப் பிடிப்பவன்போல்
அதன்மேல் சாய்ந்தே ஓட்டினேன்.
ஊர்ந்துபோகும் லாரியை முந்தினால்
லாரி காற்றை மறைத்துவிடும்.
சட்டென்று யாரோ கதவைத் திறந்தமாதிரி
வண்டியோடு அதன் டயர் பக்கம் விழுவேன்.
மூன்று முறை.
மூன்றாவது முறை
மட்கார்டில் எழுதியிருந்த காற்றளவைப் படித்தேன்:
நூற்றிருபது.

ஓங்கோலில் வாங்கிய மழைக்கோட்டு
கவட்டையில் கிழிந்துவிட்டது.
கண்ணாடியை இறக்கினால் மூச்சுப் புகை,
ஏற்றினால் கண்ணுக்குள் சரளைக்கல்.
பின்சீட்டில் நீலாவதிக்கு வாங்கிய பானிபட் கம்பளி.
தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர் குடித்து
ஓர் ஆள் கனம் ஆனது.
பிரேக் பிடிக்கும்போதெல்லாம்
தூக்கக் கலக்கத்தில் முதுகில் சாய்கிறது.
யோவ், எழுந்திரு என்று
இரண்டுதரம் சொல்லிவிட்டேன்.

மாதவரம் ரவுண்டானா.
இங்கிருந்து வீடு பதினொரு கிலோமீட்டர்.
துறைமுகத்தில் எட்டாம் நம்பர் கூண்டு ஏற்றியதால்
கன்டெய்னர் லாரிகள் போன இடத்திலேயே அடங்கிவிட்டன.
ஒரு கேபினுக்குள் ஸ்டவ் எரிகிறது, முட்டை வாசனை.
இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டரில்
எங்கேயும் வராத அழுகை
அந்த முட்டைக்கு வந்தது.

மூலக்கடை மேம்பாலம் முழுக்கக் கார்கள்.
தெருவில் விட்டால் மிதந்துவிடும் என்று
மேலே கொண்டுவந்து நிறுத்தி
ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.
கவரைப் போர்த்திக்கொண்டு வரிசையாகத் தூங்குகின்றன.
நடுவில் ஒற்றைத் தடம்.
அதில் நான் மட்டும்
அரை நிமிடம்
தண்ணீர் இல்லாத உயரத்தில் போனேன்.
மறுபக்கம் சரிவு இறங்கும் இடத்தில்
ரோட்டைக் காணோம்.

ஃபர்ஸ்ட் கியர். கிளட்ச் பாதி.
ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்சர் குடித்துவிடும்.
கணுக்கால், முழங்கால்.
எண்ணெய்ப் படலத்தில் பச்சையும் ஊதாவும்
நெளிந்து வழிவிட்டன.
எதிரே வந்த மாநகரப் பேருந்து
ஓர் அலையை அனுப்பியது.
டிரைவர் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டார்.
அலை கேட்கவில்லை.

வண்டி இருமியது. நின்றது.

விந்தியப் பாதையில் இரவில் ஓடியது,
கோதாவரிப் பாலத்தில் ஆலங்கட்டியில் ஓடியது,
வியாசர்பாடியில்
டீக்கடைக்கு எதிரே நின்றுவிட்டது.

சுரங்கப்பாதை வாயில் கயிறு கட்டிக்
காவல் நின்ற பையன்களில் ஒருவன் கேட்டான்:
எங்கேர்ந்துண்ணா வர்றே?
டில்லி.
அத்த உடுண்ணா. மூலக்கடைல தண்ணி எவ்ளோ கீது?
முட்டி வரிக்கும்.
அவன் திரும்பிக் கத்தினான்:
டேய், முட்டிதானாம்!
அவ்வளவுதான். என் பயணத்திலிருந்து
ஊருக்குத் தேவைப்பட்ட சேதி அது ஒன்று.

இந்தப் பக்கம் போவாதே, ஆள் முழுவும்,
பேசின் பிரிட்ஜ் சுத்திக்கினு போ என்றான்.
பின்னால் கொஞ்ச தூரம் தள்ளியும் விட்டான்.
கம்பளியைத் தொட்டுப்பார்த்து
யாருண்ணா இது என்று சிரித்தான்.

பிறகு நான் மட்டும் தள்ளினேன்.
டில்லிபாபு போன் பண்ணினான்.
எடுக்கக் கை இல்லை.
பழைய வண்டி; மீட்டர் கேபிள் முன்சக்கரத்தில்.
சாவியைக் கழற்றிப் பையில் போட்டபிறகும்
முள் அசையாமலே
கடைசி எண் மட்டும்
மெல்லப் புரண்டுகொண்டிருந்தது.