மூன்றாவது டம்ளர்

பிப்ரவரிக் காய்ச்சல் கிளம்பும்போது
ஷுன்சுகேயின் மூக்கையும் கூட்டிக்கொண்டு போனது.
மூக்கு இருக்கிறது, முகத்தில்.
சளி பிடிக்கிறது, கண்ணாடியைத் தாங்குகிறது.
வாசனைதான் இல்லை.
நாக்கில் ஏதோ கொஞ்சம் மிச்சம்:
இனிப்பு என்றால் இனிப்பு, அவ்வளவுதான்,
அடுத்த தெரு ரேடியோ மாதிரி.

மருத்துவர் மொரியாய் ‘வரலாம்’ என்றார்.
எப்போது என்று கேட்டதற்கு
அதே சொல்லை இன்னொரு முறை சொன்னார்.

எங்கள் வீட்டில் தெரியாக்கி சாஸ் அவன் இலாகா.
கடையில் பாட்டிலில் விற்கிறது, மலிவுதான்;
வாங்கி வந்தால் இரண்டு நாள் பேசமாட்டான்.
சோயா ஒரு பங்கு, மிரின் ஒரு பங்கு, சாக்கே ஒரு பங்கு,
சர்க்கரை மட்டும் மனம் போனபடி.
அந்த மனத்தை இத்தனை வருடம்
மூக்குதான் நடத்தி வந்திருக்கிறது என்பது
எனக்கும் இப்போதுதான் தெரிந்தது.

தெரி என்றால் எங்கள் பேச்சில் பளபளப்பு.
புரி என்றால் ஒரு மீன்.
இரண்டையும் ஒரே வாணலியில் சேர்த்துவிட்டால்
ஞாயிற்றுக்கிழமை.

இப்போது அவன் காதை வைத்துச் சமைக்கிறான்.
புகைபோக்கியை நிறுத்து என்கிறான்.
டிவியை நிறுத்து.
ஹகோடாதேயின் டிராம் வளைவில் கிறீச்சிட்டுத் தொலையும்வரை
கரண்டியைத் தூக்கிப் பிடித்துக் காத்திருக்கிறான்.
முதலில் சலசல.
பிறகு பள்ளிக்கூடம் விட்டதுபோல்
ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சின்னக் குமிழ்கள்.
பிறகு குமிழ் பெருக்கிறது, தயங்குகிறது,
பொளக் என்று ஒன்று,
யோசித்து
இன்னொன்று.
அங்கே அணைக்க வேண்டும்.
அவன் மேலும் மூன்று பொளக் கேட்கிறான்,
பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பவன் மாதிரி.

கரண்டி முதுகில் விரலால் ஒரு கோடு.
கோடு மூடவில்லை.
‘மிவாகோ, எப்படி?’

உப்பு.
கடலையே வற்றவைத்த உப்பு.
‘சரியாக இருக்கிறது’ என்றேன்.

மார்ச்சில் நான்கு ஞாயிறு, நான்கு சரி.
ஒருமுறை நான் குளியல் தொட்டியில் இருந்தபோது கரிந்தது.
துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.
புகைக்கு நடுவே தலையைச் சாய்த்து நின்றிருந்தான்.
‘இன்னும் பொளக் வரவில்லையே’ என்றான்.
சிரித்தோம்.
நான் கொஞ்சம் அதிகமாக.

மறந்துவிட்டேன்,
மீன் சந்தையில் எடை போடுகிறவன் அவன்.
பெட்டியின் ஈரத்தைக்கூடக் கழித்துக் கணக்குச் சொல்பவன்.
ஏப்ரல் முதல் ஞாயிறு
மேசையில் என் டம்ளரைப் பார்த்தான்.
மூன்றாவது.
இரவு இரண்டு மணிக்கு நான் குழாய் திறந்ததையும்
அந்தக் காது கேட்டுத்தான் இருக்கிறது.
ஒன்றும் சொல்லவில்லை.
மீன் முள்ளை மட்டும்
தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினான்.

அடுத்த வாரம் சின்னத் தராசு ஒன்றோடு வந்தான்.
பாத்திரத்தைத் தூக்கித் தூக்கி வைத்தான்.
முந்நூறு கிராம் இருநூறு ஆனதும்
பொளக் வருவதற்குள் அணைத்தான்.
‘ஆறினால் இறுகும்’ என்றான்,
அடுப்பிடம்.

மீன் தோலில் ஊற்றியதும்
சமையலறை விளக்கு அதில் நீளமாகப் படுத்தது.
ஒரு துண்டு வாயில் போட்டேன்.
‘எப்படி?’
‘உப்பு போதாது.’

அவன் சாப்ஸ்டிக் பாதியில் நின்றது.
பொய்யில்லை, சப்பென்றுதான் இருந்தது.
என் நாக்கு பழகிவிட்டதா
அவன் கை பயந்துவிட்டதா, தெரியவில்லை.
சோயா பாட்டிலை என் பக்கம் தள்ளினான்,
நிமிராமல்,
காதுமடல் சிவக்கச் சிரித்துக்கொண்டு.

பாத்திரம் கழுவும்போது
அடியில் பிடித்ததை விரலால் வழித்து
மூக்கருகே கொண்டுபோனான்.
வெகுநேரம் வைத்திருந்தான்.
நான் குழாயை மூடினேன்,
ஏதோ சத்தம் வரப்போகிறது போல.
விரலை நக்கிவிட்டு
துடைக்கும் துணி எங்கே என்றான்.