உள்ளே நாலு விரல்

குதிகால் சுவரில் பட வேண்டும், செருப்புக் கூடாது என்றேன்.
தொடைகளுக்கு நடுவே நாலாம் வகுப்புக் கணக்குப் புத்தகம்,
முதுகு மேலே பார்க்க.
இன்னும் தூக்கு. இன்னும். போதும்.
பென்சில் எடுத்துக் கோடு போட்டால்
கோடு விழவில்லை.

நாங்கள் வாடகைக்கு இருப்பது கோட்டையூரில்,
பெரிய வீடொன்றின் எட்டில் ஒரு பங்கு.
முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிய சுவர்.
எங்கள் காலண்டரையே அது ஒட்டவிட்டதில்லை.
பென்சில் வழுக்கிக்கொண்டு போனது.
தன்யஸ்ரீ சிரித்ததில் புத்தகம் விழுந்தது.

அப்புறம் ரவிக்கைக்கு வாங்கிய பச்சை நூல்:
ஒரு நுனி தரையில்,
புத்தக முதுகில் ஒரு முடிச்சு.

குவைத்திலிருந்து அவர் வீடியோவில் வந்தார்.
"எவ்வளவு இருக்கா இப்ப?"
பதிலுக்குக் காத்திராமல் தன் கையையே காட்டினார்,
இடுப்புக்குக் கொஞ்சம் மேலே.
"பதினாறு இஞ்சு போதும். சைடு வீல் வச்சு வாங்கு."
எழுந்து நில்லு, அப்பா பார்க்கட்டும் என்று
நான் சொல்லியிருக்கலாம்.
இரண்டு வருஷம் நாலு மாதமாக
அந்தக் கை அங்கேயே நிற்கிறது.

என் கணக்கு வேறு.
பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் சைக்கிள் தரும்.
அதுவரை ஏழு வருஷம், ஒரே வண்டி.
யூனிபாரப் பாவாடையில் ஆறு இஞ்சு உள்ளே மடித்துத் தைத்தவள் நான்.
ஷூ ஒரு நம்பர் கூட, முன்னால் பஞ்சு.
சைக்கிளுக்கு மட்டும் என்ன?
இருபத்துநாலுக்கும் இருபதுக்கும்
அறுநூறு ரூபாய்தான் வித்தியாசம்.

செக்காலை ரோட்டில் பீர்முகமது கடை.
இருபத்துநாலில் அவளைத் தூக்கித்தான் உட்கார்த்த வேண்டியிருந்தது.
கட்டைவிரல் நுனி சிமென்ட்டைத் தேடியது.
ஒன்றும் பேசவில்லை.
ஸ்டாண்டு போட்டு நிற்கிற வண்டியில்
இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஓட்ட ஓட்டப் பழகிடும்" என்றேன்.
பீர்முகமது நூலை வாங்கி டேப்பில் வைத்தார்.
ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர்.
"பழகும்க்கா. ரெண்டு தடவ விழுவா,
மூலையில சாத்திருவீங்க.
ஓட்டாத வண்டி ஏழு வருஷம் இல்ல,
பத்து வருஷம்கூட உழைக்கும்."

இருபது இஞ்சு, நீலம்.
பாதம் முழுசாகத் தரையில் பதிந்தது.
அவர் சீட்டை உருவிக் கம்பியைக் காட்டினார்.
அடிப்பக்கம் ஒரு கோடு, ஆலையிலேயே வெட்டி வந்தது.
"கோட்டுக்கு மேல நாலு விரல் இருக்கு, எல்லாம் உள்ளதான் போகும்.
அவ வளர வளர ஏத்துங்க.
கோடு வெளிய தெரிஞ்சா நிறுத்திரணும்.
அதுக்கு மேல இந்த வண்டி அவளுக்கு இல்ல."

என் சுவர் வாங்க மறுத்த கோடு
இந்தக் கம்பியில் முன்கூட்டியே இருந்தது.
இரும்பிலும் உள்மடிப்பு வைத்துத்தான் தைக்கிறார்கள் போல.
நாலு விரல்.
என் விரலா, அவர் விரலா என்று கேட்க மறந்தேன்.

வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெரு, பின்கட்டு அடுத்த தெரு.
ஒரு சுற்று என்றால் அவ்வளவு சுவரையும் சுற்ற வேண்டும்.
போனைத் தூக்கிப் பிடித்து நின்றேன்.
திரும்பியவள் மறைந்தாள்.
வெறும் தெருவை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.
"எங்க? காணமே?"
வருவா என்றேன்,
எனக்கும் கொஞ்சம் பயம்தான்.

மற்ற மூலையிலிருந்து மணி கேட்டது.
சர்ரென்று வந்து பிரேக் அடித்து
இரண்டு காலையும் ஊன்றி நின்றாள்.
"சைடு வீல் எங்கம்மா?" என்று ஆரம்பித்தவர்
பாதியில் விட்டார்.
திரையில் அவர் கை மெல்ல மேலே போனது,
எங்கே நிறுத்துவதென்று தெரியாமல்.

பதினாலாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று
கேட்டு வாங்கி வந்திருக்கிறேன்.
அரிசி டின் மேலே இருக்கிறது.