இரண்டு சொட்டுக் கறுப்பு

'குளிர்ந்த நிறம்' என்று போட்டிருந்தது அட்டையில்.
கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்:
"இதெல்லாம் கோயமுத்தூர்க்காரங்க வாங்குறது.
குன்னூர்ல குளிரைக்
காசு குடுத்தா வாங்குவாங்க?"

சிரித்தேன். ஆனாலும் விரலை எடுக்கவில்லை
அந்தச் சிறு சதுரத்தின் மேலிருந்து.
ஆறு மாதமாகப் பையில் கிடந்து
ஓரம் நைந்துபோன அட்டை.

மிஷின் ஒரு வாளி வெள்ளையில்
நீலத்தைப் பீய்ச்சியது.
கடைசியாக இரண்டு சொட்டுக் கறுப்பு.
"கறுப்பு எதுக்கு?"
"அது இல்லேன்னா நீலம் கத்தும்மா."

கத்தாத நீலம்.
நான் தேடியதும் அதைத்தான்,
சொல் மட்டும் இல்லாமலிருந்தது.

வானம் மாதிரியா என்றார் ஜெயசீலன். இல்லை.
கடல் மாதிரியா. இல்லை.
ஆஸ்பத்திரி மாதிரி என்றார் பெயிண்டர் போஜன்,
உப்புத்தாளை மடித்துக்கொண்டே.
அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.
முதல் கோட் முடிந்தபோது
கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

ஆடி மாதத்தில் பெயிண்ட் அடிப்பார்களா யாராவது?
காய மூன்று நாள்.
ஜன்னலைத் திறந்தால் மஞ்சு உள்ளே வந்து
ஈரச் சுவரில் கன்னம் வைத்துப் பார்க்கிறது.
நூறு வாட் பல்பை ஒயரில் கட்டித் தொங்கவிட்டுச்
சுவருக்கு ஒத்தடம் கொடுத்தார் போஜன்.
நாங்கள் சமையலறையில் படுத்தோம்,
சிலிண்டருக்கும் அரிசி டின்னுக்கும் நடுவே,
முழங்கை இடிக்க.

பத்துக்குப் பதினொன்று அறை.
ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு தையல் மிஷின்,
அருவங்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுப்
பகலெல்லாம் தூங்குகிற ஒரு மனிதர்,
பகலெல்லாம் தைக்கிற நான்.
ஒருவர் எழுந்தால்தான்
இன்னொருவர் பீரோவைத் திறக்க முடியும்.
பதினாலு வருஷத்தில் நாங்கள் போட்ட சண்டைகளில்
பாதி, அளந்து பார்த்தால்,
சதுர அடிக் கணக்கில்தான் வரும்.

முன்பு அது சந்தன மஞ்சள்.
'சூடான நிறம், நெருக்கம் தரும்' என்கிறது
அதே அட்டையின் மறுபக்கம்.
போதும் நெருக்கம்.

மேட்டுப்பாளையத்துக்கு நூல்கண்டு வாங்கப் போனால்
பஸ் ஸ்டாண்டில் நின்று நிமிர்ந்து பார்ப்பேன்.
மலை நீலமாக இருக்கும்.
அந்த நீலத்துக்குள்தான் எங்கேயோ எங்கள் வீடு.
பர்லியாறு தாண்டுவதற்குள் கலைந்துவிடும்:
தேயிலை பச்சை, வெட்டிய கரை சிவப்பு, மஞ்சு வெள்ளை.
வாசலில் வந்து நின்றால்
மாவட்டத்தின் பெயரில் மட்டும் மிச்சம்.
நீலம் மலையில் இல்லை,
இடையில் கிடக்கிற தூரத்தில் இருக்கிறது என்று
எனக்குப் பட்டது, ஒரு கொண்டை ஊசி வளைவில்,
வாந்திக்கு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி.

ஆக, நான் வாங்கி வந்தது தூரம்.
நாலு லிட்டர்.

இரண்டாவது கோட்டுக்கு அப்புறம்
சுவர்கள் ஒரு முழம் பின்னால் போய் நின்றன.
டேப் வைத்து அளந்தார் ஜெயசீலன், நிஜமாகவே.
பத்துக்குப் பதினொன்றுதான்.
"அப்புறம் ஏன்" என்று ஆரம்பித்து
முடிக்காமல் டேப்பைச் சுருட்டினார்.

குறை இல்லாமல் இல்லை.
ராத்திரி குண்டு பல்பில் பாசி நிறம்.
மழை நாளில் சாம்பல்.
வடக்கு மூலையில் ஓதம் பூத்துப் பரவுகிறது,
மேகம் என்று விட்டுவிட்டேன்.
அட்டையில் உள்ள நிறத்துக்கு அது வந்து சேர்வது
காலை ஆறே முக்காலிலிருந்து ஒரு அரை மணி நேரம்.
அவர் ஷிஃப்ட் முடிந்து வருவதும் அப்போதுதான்.

இன்று செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்வெட்டரோடு,
கட்டிலின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தார்.
நான் இந்த ஓரத்தில்.
நடுவில் ஒரு ஆள் உட்காரலாம்.
"குளுருதா?" என்றார்.
"ம்" என்றேன்.
ரெண்டு பேரும் நகரவில்லை,
ஏழு மணிச் சங்கு ஊதும்வரைக்கும்.