முப்பது மில்லி ஆம்பியர்

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் படிவம் தர வேண்டும்.
ஆறாம் பருவத்துக்கான விருப்பப் பாடம்:
முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம்,
பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்.

காரைக்குடி விடுதியில் இந்த வாரம்
எல்லோருக்கும் அடுத்தவள் எதிர்காலம் தெரிந்திருக்கிறது.
ரிஸ்வானா சிப் வடிவமைப்பு எடுக்கிறாள்;
பெங்களூரில் அக்கா வீட்டில் ஓர் அறை காலி
என்பதும் ஒரு காரணம்.
மெஷின்ஸ் எடுத்தால் வைண்டிங் கடைதான் என்கிறாள் நாச்சம்மை.
அவள் அப்பா வைத்திருப்பது வைண்டிங் கடை,
அவள் ஃபீஸ் அங்கிருந்துதான் வருகிறது.
பேட்டரி எடு, இனி வண்டியெல்லாம் அதில்தான் ஓடும்.
பவர் சிஸ்டம் எடு, வாரியத்தில் ஆள் எடுத்தால் உடனே வேலை.
எடுத்தால்.

நான் எதையும் எடுக்காமல்
சனிக்கிழமை அண்ணனோடு கானாடுகாத்தான் போனேன்.
சேவுகன் ஒலி ஒளி: ஒரு மினி லாரி,
நாற்பது விளக்கு, பாதிச் சம்பளத்துக்கு நான்.

ஒரு சாந்திக் கல்யாணம்.
ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் முடிகிற வீடு.
முகப்பிலிருந்து கடைசிக் கட்டு வரை
கேபிள் இழுத்தே தோள் கழன்றுவிட்டது.

விடியாத ஐந்து இருபதுக்கு முதல் முறை போனது.
தூக்கிவிட்டேன்.
ஐந்து இருபத்திரண்டுக்கு மறுபடி.
வளவு முழுக்கச் செல்போன் வெளிச்சம்
பர்மாத் தேக்குத் தூண்களில் எதையோ தேடி அலைந்தது.
"சனியன் பிடிச்ச பிரேக்கர்" என்றார் ஒருவர்.
வீடியோக்காரர் என்னை "ஏம்மா, கரண்டு!" என்று கூப்பிட்டார்,
அதுவே என் பெயர் போல.

வயரைப் பல்லால் சீவிக்கொண்டே அண்ணன் சொன்னான்:
"அதைக் கழட்டிப் போடு. நேராக் குடுத்துரு.
அரைமணி நேரந்தானே."

அரைமணி நேரம் பதினெட்டு லட்சம் மில்லி விநாடி.
எனக்கு ஏன் அப்போது அந்தக் கணக்கு ஓடியதோ.
பலகையை மறைத்துக்கொண்டு நின்றேன்.
வீரமென்று எழுத ஆசைதான்.
முழங்கால் உதறியதில் நகர வரவில்லை
என்பதும் உண்மை.

ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
சீரியல் செட் இல்லை.
நாயனத்து மைக் இல்லை.
கடைசிக் கட்டில், கோட்டை அடுப்புக்குப் பின்னால்,
ஈரத் தரையில் நின்றது
தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த கிரைண்டர்.
பிளக்கைத் திறந்தேன். எர்த் கம்பி
எதிலும் சேராமல் சும்மா மடங்கிக் கிடந்தது.

"தொட்டப்பல்லாம் வெடுக்குனுச்சு தாயி"
என்றாள் பாக்கியம், வெறுங்காலோடு.
"ரெண்டு தடவை. உடனே கரண்டும் போயிருச்சு,
நல்லவேளை."

முகப்பில் அதே இரண்டு நிமிடத்தைத்தான்
"நல்ல நேரத்துல இப்படி ஆயிப்போச்சே"
என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

முப்பது மில்லி ஆம்பியர்.
ஒரு சின்ன இரவு விளக்குக்கும் போதாத கசிவு.
போன மின்சாரமும் வந்த மின்சாரமும்
கணக்கில் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்து,
காரணம் கேட்காமல், யாரென்று பார்க்காமல்,
கையை எடுத்துக்கொள்கிற ஒரு பெட்டி.
அதற்குள் அவள் ஈரக் கை இருந்தது
பெட்டிக்குத் தெரியாது.
எனக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் சிக்கல்.

பட்டியலில் பதினோராவதாக இருக்கிறது
'ரிலேயும் மின் பாதுகாப்பும்'.
பத்துப் பேர் சேராவிட்டால் பாடமே நடக்காது.
நேற்று வரை நான்கு பேர்.
என்னையும் சேர்த்துத்தான் நான்கு.

கையொப்பம் போட வேண்டியது அண்ணன்.
சனிக்கிழமையிலிருந்து பேசவில்லை.
கூலியைக்கூட நாச்சம்மையின் ஃபோனுக்குத்தான் அனுப்பினான்.

இன்று மதியம் செக்காலை ரோட்டுக் கடையிலிருந்து
ஒரு படம் வந்தது:
கண்ணாடி மேசை மேல் இரண்டு புது அட்டைப்பெட்டிகள்.
கீழே ஒரே வரி.
"லாரிக்கு எது, நாப்பதா அறுபத்து மூணா?"

அறுபத்து மூன்று என்று அனுப்பினேன்.
இரண்டும் முப்பது மில்லிதானா பார், என்று சேர்த்தேன்.
இரண்டு நீலக் கோடு விழுந்தது.
படிவத்தில் இரண்டாம் விருப்பக் கட்டம்
இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.