பக்கம் 114, கீழ்க்கட்டம்

ஆறு வரி தந்திருக்கிறார்கள்.
ஐந்தரை என்றும் சொல்லலாம்,
ரயில் பாலத்தின் படம்
கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்திருப்பதால்.

சப்போரோவில் பனி கொட்டுகிற பின்னிரவு.
அச்சகத்தின் மூன்றாம் மாடியில்
நானும் ஹீட்டரும் மட்டும் விழித்திருக்கிறோம்.
எட்டாம் வகுப்பு வரலாறு,
திருத்திய பதிப்பு.

மேலே, பெரிய எழுத்தில்,
நிலம் திறக்கப்பட்ட கதை.
கோடாரி வந்தது, தண்டவாளம் வந்தது,
உருளைக்கிழங்கு வந்தது,
வந்த குதிரைகளின் எண்ணிக்கைகூட இருக்கிறது.
கீழே, சாம்பல் நிறக் கட்டத்துக்குள், ஐனு:
'அங்கு முன்பே சிலர் வசித்தனர்.'

சிலர்.

தொகுப்பாசிரியர் நிஷிகோரி கெட்டவர் அல்ல.
மாலையில் போனில்,
பஸ்ஸில் காலை மிதித்துவிட்டவர் குரலில் சொன்னார்:
"சால்மன் வரியை எடுத்துவிடுங்கள், ஹிராகா.
பரீட்சையில் வராது. இடமும் இல்லை."

சால்மன் வரி இதுதான்:
தம் ஆற்றில் தாம் மீன் பிடிப்பது
ஒருநாள் சட்டப்படி திருட்டு ஆனது.

எடுத்தேன்.
எடுத்ததும் கட்டம் அம்சமாகப் பொருந்திவிட்டது.
அதுதான் எரிச்சல்.

என் எட்டாம் வகுப்பில்
இந்தக் கட்டமும் கிடையாது.
வாத்தியார் வரைபடத்தைக் குச்சியால் தட்டி
"அப்போது இங்கே யாரும் இல்லை" என்றார்.
கடைசி பெஞ்சில்,
சட்டைக் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டபடி
அந்த 'யாரும்' உட்கார்ந்திருந்தேன்.
குறிப்பும் எடுத்தேன்,
அழகான கையெழுத்தில்.

பக்கம் 115 வரைபடம்.
அதைத் திருத்த ஒருவருக்கும் தோன்றவில்லை.
நொபொரிபெட்சு, மொம்பெட்சு, எபெட்சு,
ஸ்டேஷன் ஸ்டேஷனாக
வாலில் தொங்கும் அந்தப் பெட்சு.
எழுதுகிற எழுத்துக்கு 'வேறு' என்று அர்த்தம்.
சொல்லுகிற ஒலிக்கு, எங்கள் பேச்சில், ஆறு.
எழுத்தில் வேறு, வாயில் ஆறு.
நூற்றைம்பது வருடமாக
டிக்கெட் வாங்குகிற ஒவ்வொருவரும்
தெரியாமலே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணினேன். இருபத்து மூன்று.
கட்டத்துக்கு வெளியே, மொத்தத் தீவிலும்.

குறிவிளக்கத்தில் ஓர் இடம் காலி:
மலை, சுரங்கம், ரயில்பாதை,
அதன் கீழே ஏழு புள்ளி அளவில் அடித்தேன்:
'பெட்சு: ஐனு சொல். ஆறு.'

நிஷிகோரி பார்ப்பார்.
எடுக்கச் சொன்னாலும் சொல்வார்.
பார்க்காமலே போனாலும் போவார்.
காலை ஒன்பதுக்கு ப்ரூஃப் போக வேண்டும்.

திரும்பி 114க்கு வருகிறேன்.
'சிலர்' மட்டும்
கட்டத்தின் கோட்டைத் தாண்டி
ஒரு முடியளவு வெளியே நிற்கிறது.
நேராக்காமல் விளக்கை அணைக்கிறேன்.