பதினோரு மாத ஒப்பந்தம்

ஜவுளிக்கடையில் ஒன்பது வருஷம்
நின்றே விற்றவர்கள், நானும் செய்தூனும்.
அதனால் முதல் செலவு
தராசு இல்லை, லைசென்ஸ் இல்லை,
இரண்டு முக்காலி.
ஒன்று அறுநூற்றைம்பது.
கடை அமையும் முன்பே வாங்கி
மேலப்பாளையத்தில் அவள் வீட்டு மொட்டைமாடியில்
உட்கார்ந்து பார்த்தோம்.

கடைதான் அமையவில்லை.
பெருமாள்புரத்தில், "என்ன யாவாரம்மா?"
மகாராஜநகரில், "என்ன யாவாரம்மா?"
கருவாடு என்றதும்
சாவி மறுபடி இடுப்புக்கு ஏறிவிடும்.
பாக்கெட்டில் போட்டு, காற்றை உறிஞ்சி,
பொட்டு வாடை வெளியே வராது என்பேன்.
வராதுதான், ஆனா வருமே என்பார்கள்.

வராது என்று நானே நம்பியது
ஒரு வியாழக்கிழமை.
உவரியிலிருந்து இரண்டு கிலோ மாசி,
ஒரு கிலோ நெத்திலி, மடியில் பை.
காலேஜ் போகும்போது இதே பஸ்ஸில்
பையே இல்லாமலும்
என் பக்கத்து சீட் காலியாக வரும்.
திசையன்விளையில் ஒருத்தி ஏறி உட்கார்ந்தாள்.
நாங்குநேரி தாண்டி
என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.
சமாதானபுரம் வரை நான் அசையவே இல்லை.

சொரிமுத்து சார் மட்டும்
என்ன வியாபாரம் என்று கேட்கவில்லை.
மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனவர்.
நானாகச் சொன்னேன்.
"வச்சுக்கோங்க. கொரோனால போன மூக்கு, இன்னும் திரும்பல.
எனக்குக் கருவாடும் ஒண்ணுதான்
கற்பூரமும் ஒண்ணுதான்."
பஞ்சர் கடைக்கு அடுத்து, பத்துக்குப் பன்னிரண்டு,
அட்வான்ஸ் நாற்பதாயிரம்,
பதினோரு மாதம்.
'கருவாடு'ங்கறது சின்ன எழுத்தா, பெரிசா
என்றார் போர்டு எழுதுகிறவர்.
பெரிசு, என்றாள் செய்தூன்.

முதல் வாரம் வந்தவர்கள்
பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.
"மோந்து பாக்காம எப்படிம்மா வாங்க?"
வாடையை அடைக்கும் மெஷினுக்கு
எழுபத்தெட்டாயிரம் கடன் வாங்கியிருந்தோம்.
கேள்வி நியாயமாகத்தான் பட்டது.
வகைக்கு ஒரு கண்ணாடி ஜாடி வைத்தோம்:
சீலா, வாளை, சாளை, திருக்கை,
நெத்திலி, மாசி.
மூடியைத் திற, மோந்து பார், மூடு.
அப்புறம்தான் கல்லாவில் சத்தம் கேட்டது.

சார் தினமும் எட்டரைக்கு வருவார்.
மாசி ஜாடியைத் திறந்து
கண்மூடி ஒரு இழுப்பு.
"இன்னைக்கும் இல்லம்மா."
மூடியைப் பத்திரமாகத் திருகிவிட்டுப் போவார்.
ஒருநாள் சொன்னார்,
வீட்டில் வைக்கிற ரசம்
ஐந்து வருஷமாகப் புளிக்கிற சுடுதண்ணி என்று.
"நல்லாருக்குன்னுதான் சொல்லுதேன்.
அவகிட்ட போய் எப்படி?"

அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோனேன்.
வாடகையை நினைத்தால்
மூக்கு இருக்கிறபடி இருக்கட்டும்.
ரசத்தை நினைத்தால் வாய் வரவில்லை.
ஒன்றும் கேட்காமல் ஏற்றிவிட்டு வந்தேன்.
செய்தூன் துஆவில் என்ன கேட்டாளோ,
அவளும் சொல்லவில்லை,
நானும் விசாரிக்கவில்லை.

ஒன்பதாம் மாதம், மழை பிடித்த செவ்வாய்.
மாசியைத் திறந்தார், இழுத்தார்.
மூடவில்லை.
இன்னொரு தரம் இழுத்தார்.
பழைய பழக்கம், நாங்கள் இருவரும்
முக்காலியை விட்டு எழுந்துவிட்டோம்.
எங்களை ஒரு பார்வை பார்த்து
"வாரேன்" என்று மட்டும் சொல்லி
குடையை மறந்துவிட்டுப் போனார்.
ஜாடி திறந்தே கிடந்தது.
செய்தூன் மேசை டிராயரை இழுத்து
ஒப்பந்தத்தில் தேதி பார்த்தாள்.

மத்தியானம் அவர் வீட்டம்மா வந்தாள்,
முதல் தடவையாக,
கையில் கரண்டியோடு, ஈரத் தலையோடு.
"ஏட்டி, இந்த மனுசன்
ரசத்துல பெருங்காயம் தூக்கலா இருக்குங்காரு.
நீங்க என்னத்தக் குடுத்தீங்க?"
சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை.
இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.
என் முக்காலியை அவள் பக்கம் தள்ளினேன்.